வேதத்தை யார் பக்கம் நின்று வாசிப்பது?

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. பங்கு வாழ்விலும் திருவிழாவிலும் தங்களைச் சமமாக நடத்துவதில்லை என்பது அவர்களுடைய புகார். அந்த வழக்கின் உண்மை பொய்யை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் இப்படி ஒரு வழக்கோ போராட்டமோ எழும்போதெல்லாம் திருச்சபைக்குள்ளிருந்து தவறாமல் ஒரு பதில் வருகிறது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

“சமத்துவம், உரிமை, பிரதிநிதித்துவம் என்பதெல்லாம் இந்தக் காலத்து அரசியல். வேதம் என்றும் மாறாதது. காலத்துக்கு ஏற்றபடி அதற்குப் புது விளக்கம் சொல்லி வளைக்க முடியாது” என்பதே அந்தப் பதில். கேட்பதற்குப் பக்தியாகவும் உறுதியாகவும் இருக்கிறது. சாதாரண விசுவாசி ஒருவர் இதைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறார். வேதத்தை வளைக்கிறவர் என்ற பெயரைச் சுமக்க யாருக்குத்தான் மனம் வரும்?

எனவே அந்தப் பதிலையே ஒரு கேள்வியாக்கிப் பார்ப்போம். கிறிஸ்தவ வேதத்துக்கு இந்தக் காலத்தின் பார்வையில் மறுவிளக்கம் சொல்லலாமா, கூடாதா? நம்மில் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு, புத்த விகாரைக்குப் போகிறவர்கள் உண்டு, எங்கும் போகாதவர்களும் உண்டு. இந்தக் கேள்வி எல்லோருக்கும் உரியது. ஒரு புனித நூலின் பெயரால் நம் மக்களுக்கு எந்த இருக்கை, எந்தக் கல்லறை என்று தீர்மானிக்கப்படும்போது அந்த நூலின் விளக்கம் பொது விவகாரம் ஆகிவிடுகிறது.

முதலில் வளைத்தவர்கள் யார்?

வேதத்தைக் காலத்துக்கு ஏற்ப வளைக்கும் வேலையை ஒடுக்கப்பட்டவர்கள் தொடங்கிவைக்கவில்லை. வரலாற்றில் அதற்குச் சான்றுகள் நிறைய உண்டு.

1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் உழைத்த கறுப்பின அடிமைகளுக்காகத் தயாரிக்கப்பட்ட பதிப்பு அது. சீர்திருத்தச் சபைகளின் முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. அந்தப் பதிப்பில் இருந்தவை 232 மட்டுமே. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்ற வரலாறு அதில் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடில்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய பகுதியும் இல்லை. ஆனால் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6ஆம் அதிகாரப் பகுதி பத்திரமாக இருந்தது. வேதத்தைக் கத்தரித்தவர்கள் அதை வேத துரோகம் என்று கருதவில்லை. மதம் பரப்பும் தொண்டு என்றே கருதினார்கள்.

அமெரிக்காவில் 1845இல் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைகள் வடபகுதிச் சபைகளிடமிருந்து பிரிந்தன. அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற தகராறே பிரிவுக்குக் காரணம். அடிமைமுறைக்கு வேதத்தில் ஆதாரம் உண்டு என்று சாதித்த அந்தச் சபைக் கூட்டமைப்பு, 150 ஆண்டுகள் கழித்து 1995இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. தென்னாப்பிரிக்காவில் 1857இல் டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை, வெள்ளையர் சிலருடைய ‘பலவீனத்தை’ முன்னிட்டு கறுப்பின விசுவாசிகளுக்குத் தனி வழிபாடு நடத்தலாம் என்று அனுமதித்தது. அந்தப் ‘பலவீனம்’ வளர்ந்து, பின்னாளில் இனஒதுக்கலுக்கே வேத விளக்கம் சொல்லும் அளவுக்குப் போனது. 1982இல் உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு கனடாவின் ஒட்டாவாவில் கூடி, இனஒதுக்கலை வேதத்தின் பெயரால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது.

சிலருடைய மனம் கோணாதிருக்க மற்றவர்களைத் தனியே உட்கார வைத்த அந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. தமிழ் மண்ணில் அது அதற்கும் முந்தியது.

நம் ஊர் விளக்கங்கள்

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்களே, மதச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அதற்கு அனுமதி தந்தார். உயர்சாதியாரை ஈர்க்கச் செய்யப்பட்ட மறுவிளக்கம் அது. பிறகு உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று மறைப்பணியே இரண்டாகப் பிரிந்தது. “சாதி என்பது உலக வழக்கு, விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்ற வாதம் இங்கே வேர்பிடித்தது இப்படித்தான்.

சீர்திருத்தச் சபைகளும் இதற்கு விலக்கல்ல. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கவிப்புலமையைத் தமிழ் படித்தவர்கள் மறுக்க மாட்டார்கள். அவரே சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதினார். எல்லோரையும் கலந்து உட்கார வைக்க முயன்ற புதிய மிஷனரிகளை எதிர்த்தார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிட சபையை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த தேவாலயத்துக்கு இரண்டு கைகள். உயர்சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் இன்னொரு பக்கமும் நின்று ஒரே பீடத்தைப் பார்ப்பதற்காக அப்படிக் கட்டினார்கள். கட்டடமே அங்கே வேத விளக்கம் ஆகிவிட்டது. 1910இல் ஆயர் அந்தத் தடுப்பை அகற்றினார். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்ட தனி உரிமையை ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களின் சமாதிகளைப் பிரித்த சுவரும், 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டதும், அந்தக் கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நம் காலத்துச் செய்திகள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிறது. நமக்குத் தரப்படுவது மாறாத வேதம் மட்டுமே என்பது உண்மையில்லை. ஏற்கெனவே ஒரு தரப்புக்குச் சாதகமாக விளக்கப்பட்ட வேதம்தான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பழைய விளக்கம் பழகிப்போனதால் அது விளக்கம் என்றே தெரியவில்லை. நாம் சொல்லும் விளக்கம் புதியது என்பதால் வளைப்பாகத் தெரிகிறது.

ஒரு சொல்லின் கதை

விளக்கம் என்பது பிரசங்க மேடையில்தான் தொடங்குகிறது என்று எண்ணக் கூடாது. மொழிபெயர்ப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மாணவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம்.

எபேசியர் 6ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். சீர்திருத்தச் சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில் அது ‘வேலைக்காரரே’ என்ற விளியோடு தொடங்கும். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘அடிமைகளே’ என்று இருக்கும். மூலக் கிரேக்கச் சொல்லுக்கு அடிமை என்றே பொருள். விலைக்கு வாங்கப்பட்ட, தன் உடம்பின் மேல் தனக்கே உரிமையில்லாத மனிதர்.

இரண்டுக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். பண்ணையில் உழைத்த ஒருவர் ‘அடிமைகளே’ என்று கேட்டிருந்தால், இது என்றோ இருந்த ஒரு கொடிய முறையைப் பற்றியது, அந்த முறையே இன்று சட்டவிரோதம் என்று யோசிக்க இடமுண்டு. ‘வேலைக்காரரே’ என்று கேட்கும்போது அவர் காதில் விழுவது நேரடிக் கட்டளை. ரோமப் பேரரசின் அடிமைக்கு எழுதியது தஞ்சைப் பண்ணையாளுக்கு எழுதியதாக மாறிவிடுகிறது. மொழிபெயர்த்தவர்களுக்குத் தீய நோக்கம் இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் அது யாரோ ஒருவருடைய வாழ்வில் போய் விழுகிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு சான்று. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர்களுள் பெயர்பெற்றவராகப் பவுல் குறிப்பிடும் யூனியா ஒரு பெண். பெண் எப்படி அப்போஸ்தலர் ஆக முடியும் என்று மலைத்த பிற்கால மொழிபெயர்ப்பாளர்கள் பலர், அந்தப் பெயரை ஆண் பெயராக்கிவிட்டார்கள். அண்மைக்காலப் பதிப்புகள்தாம் அவரை மீண்டும் பெண்ணாக்கின. இங்கே ‘நவீன’ விளக்கம் செய்தது பழைய உண்மையை மீட்டது மட்டுமே. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதல் பெண் குருவையும் 2013இல் முதல் பெண் பேராயரையும் பெற்றது. வேதம் அதனால் அழிந்துபோய்விடவில்லை.

வேதத்துக்குள்ளேயே மறுவாசிப்பு

மறுவாசிப்பு வேதத்துக்கு வெளியிலிருந்து வந்த நோய் என்று நினைப்பவர்கள் வேதத்தையே ஒருமுறை நிதானமாக வாசிக்கலாம்.

லூக்கா 4ஆம் அதிகாரத்தில் இயேசு நாசரேத் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் சுருளை எடுத்து வாசிக்கிறார். ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை என்ற பகுதி அது. ஏசாயாவில் அதைத் தொடர்ந்து வரும், கடவுள் பழிவாங்கும் நாளைப் பற்றிய சொற்களுக்கு முன்பே நிறுத்திச் சுருளை மூடுகிறார். பிறகு, வெளிநாட்டுக் கைம்பெண்ணுக்கும் வெளிநாட்டுத் தொழுநோயாளிக்கும் கடவுள் இரங்கியதை நினைவூட்டுகிறார். சொந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போய் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்க்கிறார்கள். மறுவாசிப்புக்குக் கிடைத்த முதல் எதிர்வினை அதுதான்.

அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. தீட்டான உணவைத் தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பேதுருவுக்கு ஒரு தரிசனம் கிடைக்கிறது. அதன் பொருளை அவர் உணவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லக் கூடாது என்பதே தனக்குக் காட்டப்பட்டது என்று சொல்லி, பிற இனத்தவரான கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைகிறார். தீட்டு என்ற சொல்லின் பொருளை உடலில் சுமந்த நமக்கு இந்தப் பகுதிக்கு அகராதி தேவையில்லை. 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சங்கம் கூடி, பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை என்று முடிவெடுக்கிறது. எழுதப்பட்ட பழைய கட்டளை ஒன்றை, மக்களின் வாழ்வை முன்வைத்து, கூடிப் பேசி, மறுவாசிப்பு செய்த சபையின் வாரிசுகள்தாம் இன்றைய எல்லாச் சபைகளும்.

யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. பொன் மோதிரமும் நல்ல உடையும் அணிந்து வருகிறவருக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தி வரும் ஏழைக்குக் காலடியில் இடமும் தருவதை 2ஆம் அதிகாரம் கடுமையாகக் கண்டிக்கிறது. இருக்கையைப் பற்றி வேதத்தில் இவ்வளவு வெளிப்படையான பகுதி இருந்தும், இரட்டைக் கை தேவாலயத்தைக் கட்டியவர்கள் கண்ணில் அது படவில்லை.

அம்பேத்கர் எழுப்பும் கேள்வி

இந்த இடத்தில் நம் பக்கத்திலிருந்தே ஒரு நியாயமான கேள்வி எழும். 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அண்ணல் அம்பேத்கர் என்ன சொன்னார்? சாஸ்திரங்கள் உண்மையில் சாதியைச் சொல்லவில்லை, தவறாகப் பொருள் கொண்டுவிட்டார்கள் என்று இலக்கணம் பேசுவதில் பயனில்லை. மக்கள் எப்படிப் புரிந்துகொண்டு நடக்கிறார்கள் என்பதே முக்கியம். புத்தரும் நானக்கும் செய்ததுபோல சாஸ்திரங்களின் அதிகாரத்தையே மறுக்க வேண்டும் என்றார். அப்படியிருக்க, கிறிஸ்தவ வேதத்துக்கு மட்டும் மறுவிளக்கம் எதற்கு?

இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவருடைய எச்சரிக்கை திருச்சபைக்கும் பொருந்தும். பீடத்தில் சமத்துவ வசனத்துக்கு அழகான விளக்கம், கல்லறையில் சுவர் என்றால், அந்த விளக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

ஆனால் அம்பேத்கரின் பயணம் 1936இல் முடிந்துவிடவில்லை. அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ முழுக்க முழுக்க ஒரு மறுவாசிப்பு. சித்தார்த்தர் வீட்டைத் துறந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை அவர் ஏற்கவில்லை. முற்பிறவிக் கர்மத்தால் இப்பிறவித் துன்பம் என்ற கருத்தையும் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டவருக்கு எதிராகப் போகும் எதையும் புத்தரின் போதனையாக ஒப்புக்கொள்ள மறுத்தார். அவர் எதிர்த்தது மறுவாசிப்பை அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். சாதியையே அடித்தளமாகக் கொண்ட நூலைச் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றும் வேலையைத்தான் எதிர்த்தார். ஒரு நூலின் அடித்தளத்தில் விடுதலை இருந்தால், அதன் மேல் ஏறிய தூசியைத் துடைப்பது வேறு வேலை. அடிமைகளின் கூக்குரலைக் கேட்ட கடவுளைப் பற்றித் தொடங்கும் மரபுக்கு அந்த வாய்ப்பு உண்டு என்று தலித் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நடைமுறையில் சான்று காட்ட வேண்டியது திருச்சபையின் கடன்.

அந்த வேலையைத் தொடங்கியவர்கள் உண்டு. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் எழுப்பிய கேள்வியிலிருந்து தலித் இறையியல் கிளைத்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற இசையில் பாடல்களும் வழிபாட்டு முறையும் செய்தார். தீட்டு என்று ஒதுக்கிய பறை வழிபாட்டுக்குள் ஒலித்தது. ஒரே உலையில் பொங்கிய சோற்றைப் பகிர்ந்துண்பதே திருவிருந்தின் பொருள் என்று அவர் விளக்கினார். சேர்ந்து உண்ண மறுக்கும் ஊரில் அதைவிடத் துல்லியமான விளக்கம் என்ன இருக்க முடியும்?

எல்லை எது?

எதையும் எப்படியும் விளக்கலாம் என்றால் வேதம் எதையுமே சொல்லவில்லை என்று ஆகிவிடாதா? நியாயமான அச்சம். புதியது என்பதாலேயே ஒரு விளக்கம் நல்லதாகிவிடாது. காணிக்கை கொடுத்தால் கார் வரும், கடன் தீரும், வறுமை என்பது விசுவாசக் குறைவு என்று சொல்லும் செழிப்புப் பிரசங்கமும் நவீன விளக்கம்தான். சந்தையின் காலத்துக்கு ஏற்ற விளக்கம். கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் தாய்மார்களின் பணத்தையும் தன்மானத்தையும் ஒருசேரப் பறிக்கிறது அது.

எனவே பழையதா புதியதா என்று பார்ப்பது சரியான அளவுகோல் ஆகாது. இந்த விளக்கத்தால் யார் எழுந்து நிற்கிறார், யார் தரையில் உட்கார வைக்கப்படுகிறார் என்று பார்க்க வேண்டும். இது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோலும் இல்லை. நாசரேத்தில் வாசிக்கப்பட்ட சுருளிலேயே இருக்கிறது.

அரசும் சொல்லும் ஒரு விளக்கம்

வேத விளக்கம் திருச்சபையோடு முடியவில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியலில் சேர்த்தது. பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கிலும், கிறிஸ்தவராக வாழும் ஒருவர் வேலைவாய்ப்புக்காகப் பட்டியல் சாதிச் சான்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். சாதி கூடாது என்று வேதம் சொல்லும் இலட்சியத்தை, சாதி இல்லை என்ற நடப்பாக அரசு எடுத்துக்கொள்கிறது. தேவாலயத்தில் ஒருவருக்குச் சாதி உண்டு. தாலுகா அலுவலகத்தில் அவருக்குச் சாதி இல்லை. இரண்டு இடத்திலும் இழப்பது அவரே. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையமும் இதே கேள்வியை ஆராயவே ஏற்படுத்தப்பட்டது. ‘வேதத்தில் சாதி இல்லை’ என்று சொல்லி ஒதுங்குவது இனியும் விடையாகாது.

செய்ய வேண்டியது

வேத விளக்கம் குருமாருக்கும் பேராசிரியருக்கும் மட்டும் உரிய சொத்து என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். கிராமங்களில் அன்பியக் கூட்டமும் ஜெபக் கூட்டமும் வாரம் தவறாமல் நடக்கின்றன. அங்கே யாக்கோபு 2ஆம் அதிகாரத்தையும் அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தையும் சேர்ந்து வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் நம் ஊர்த் தேர் எந்தத் தெரு வரை வருகிறது, கல்லறைக்கு எத்தனை வாசல், பங்குப் பேரவையில் யார் யார் என்று பேசலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசிக்கட்டும், வாழ்ந்து தெரிந்த பாட்டிமார் பொருள் சொல்லட்டும். குருத்துவக் கல்லூரிகளில் தலித் இறையியல் விருப்பப் பாடமாக ஒதுங்கிக் கிடக்காமல் எல்லோரும் படிக்கும் பாடமாக வேண்டும். ஆயர்கள் தங்கள் ஆவணங்களில் ஒப்புக்கொண்டதைப் பங்குகளில் நிறைவேற்ற நாள் குறிக்க வேண்டும்.

கோட்டப்பாளையம் வழக்கு எப்படி முடிந்தாலும், அங்கிருந்து எழுந்திருக்கும் கேள்வி மற்றப் பங்குகளுக்கும் சபைகளுக்கும் உரியது. அடுத்த ஞாயிறு வேதம் வாசிக்கப்படும்போது, அந்த வாசிப்பைக் கேட்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று நாமும் திரும்பிப் பார்ப்போம்.